நான் சொல்லாமல் விட்ட பாதி

நெடுநாளாக எழுதத் தயங்கிய ஒன்றை இன்று எழுதுகிறேன். தவறு என்னுடையது.

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாடம் பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. எஞ்சிய நேரத்தில் என் அப்பப்பா சொன்ன கதையைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா இரயில்வேக்கு எழுத்தராக வந்தவர். போர்த்துக்கீசியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது, 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தது, 1622இல் தேவாரம் பாடப்பெற்ற திருக்கோணேச்சரத்தைத் தகர்த்து அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தியது என்று உருக்கமாகவே சொன்னேன்.

மாணவன் ஒருவன் பக்கத்து இருக்கைக் கிறிஸ்துவ மாணவியிடம் திரும்பி, “உங்க ஆளுங்கதான் எங்க கோவில ஒடச்சாங்க” என்றான். சிலர் சிரித்தனர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மணி அடித்தது. நான் ஒன்றும் சொல்லாமல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

மறுநாள் காலை அவளுடைய தாயார் பள்ளி வாயிலில் காத்திருந்தார். “டீச்சர், நாங்க ஏதாச்சும் தப்பு செஞ்சிட்டோமா? பிள்ளை ராத்திரி சாப்பிடவே இல்ல” என்றார். சண்டையிட வந்தவராக அவர் தோன்றவில்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

அப்பப்பாவின் கதைகளில் சங்கிலி மன்னன் பறங்கியரை எதிர்த்த வீரன். மன்னார் அவற்றில் வந்ததே இல்லை. மன்னார்த் தீவு மக்கள் பிரான்சிஸ் சேவியரைத் தங்களிடம் வருமாறு அழைத்தனர். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். மதம் மாறியோர் போர்த்துக்கீசிய அரசனுக்கே குடிகளாகிவிடுவர் என்று முதலாம் சங்கிலி அஞ்சினான். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் 1544இல் அவனுடைய படை வெட்டிச் சாய்த்த ஏறத்தாழ 600 பேர் ஏழை எளிய தமிழர்கள். நல்லூர்க் கோவில் இடிபடுவதற்கு 77 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. கல் இடிந்ததைச் சொல்லத் தெரிந்த எனக்கு, மனிதர் மாண்டதைச் சொல்லத் தோன்றவில்லை.

பழைய உரோமாபுரிப் பேரரசிலும் இதே கதைதான். 303இல் பேரரசன் தியோக்கிளேசியன் தேவாலயங்களை இடித்து வேதநூல்களை எரிக்க ஆணையிட்டான். நூறாண்டு முடிவதற்குள் கிறிஸ்துவர் கை ஓங்கியது. ஏறத்தாழ 391இல் அலெக்சாந்திரியா நகரின் செராபிசு கோவிலை அவர்கள் தகர்த்தனர். 415இல் கிறிஸ்துவக் கும்பல் ஒன்று கணித அறிஞர் ஐப்பேசியாவை வழிமறித்துக் கொன்றது.

இலங்கையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் கிறிஸ்துவரே. ஆனால் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சிலையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடினர். அச்சிலை இருக்கும் மடு மாதா கோவிலுக்கு இன்று இந்துக்களும் நேர்ந்துகொண்டு போகிறார்கள்.

அடுத்த வாரம் இவற்றையெல்லாம் அதே வகுப்பில் சொன்னேன். முதல்நாள் பாதிக் கதையைச் சொன்னதற்கும், அன்று வாய் மூடி நின்றதற்கும் அந்த மாணவியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இதற்குப் பாடம் எதுவும் இருந்ததாக நினைவில்லை, குரல் நடுங்கியது. அவள் மெல்ல, “பரவால்ல டீச்சர்” என்றாள். அந்தப் பையன் மட்டும் கை உயர்த்தி, “அந்த 600 பேரும் தமிழ்தான் பேசுனாங்களா டீச்சர்?” என்று கேட்டான். ஆம் என்றேன். வெகுநேரம் அவன் எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவ்விருவரும் ஓர் அழிப்பானுக்காகச் சண்டையிட்டனர். யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் ஓய்வு நேரமே முடிந்துவிட்டது.