அப்பாவின் அம்பாசிடருக்கு அரை மணி நேரம்

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மதுரை கே.கே.நகரிலும், மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடரை இன்றும் பார்க்கலாம். ஓட்டிய பெரியவர் இருக்க மாட்டார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். 'அப்பா ஞாபகமா இருக்கட்டும்' என்று விற்காமல் வைத்திருப்பார்கள்.

பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த கார்தான் என்று பேச்சு. முதல் நாள் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

இத்தனைக்கும் யாரும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்திருப்பார்கள். அந்த அக்கறைதான் பேட்டரிக்கு எமன். பழைய மாடல்களில் இருப்பது டைனமோ. நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவது அபூர்வம். ஸ்டார்ட் பண்ணச் செலவான கரன்ட் திரும்ப வராமல், வாராவாரம் கடன் ஏறிக்கொண்டே போகும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ரிங் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

ஓட்ட ஆளில்லையா? பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். எர்த் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சில பழைய கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பாடிக்குப் போகும் கேபிள் எது என்று பார்த்துவிட்டுத் தொடுவது நல்லது.

சும்மா இருந்தாலும் பேட்டரியில் சார்ஜ் இறங்கும். வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக இறங்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை எப்படிக் கொதிக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் போட வேண்டும். அப்படியே விட்டால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பேட்டரி வீணாகிவிடும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையலறை ஆப்ப சோடா போதும். வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போகக் கூடாது. கழுவித் துடைத்து, கிளாம்ப்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

ஊற்றுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். கொசுவர்த்தி, பீடி நெருப்பு பக்கத்திலேயே ஆகாது.

காரை விற்க வேண்டாம் என்று முடிவெடுக்கும் அன்றே, மாதம் ஒரு முறை வோல்ட் பார்ப்பது யார் என்பதையும் அண்ணன் தம்பிகள் பேசி வைத்துக்கொள்ளலாம். முகூர்த்த நாளில் காரைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.