அந்தக் கருப்பு விண்டோவை மூடாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். மருந்து, டயட் எதுவும் இல்லை. சின்ன ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர் நடத்துறவங்களும், அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்குற தம்பி தங்கைகளும் முழுசா படிங்க.

ராத்திரி மூணே கால் மணி. வார்டில் சிறுநீரகம் பழுதான ஒரு பெரியவர், மூச்சு வாங்குதுன்னு அட்மிட் ஆனவர். நர்ஸ் போன் பண்ணி மானிட்டர் ஒரு மாதிரி இருக்குன்னாங்க. ஓடிப்போய் ஈசிஜி எடுத்தா டி அலைகள் கூடாரம் மாதிரி கூராக நிற்குது. இதைப் பார்த்த எந்த டாக்டரும் பொட்டாசியம் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார். கால்சியம் குளுக்கோனேட் போட்டோம், இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் ஏற்றினோம், விடியறதுக்குள்ள டயாலிசிஸுக்கு அனுப்பினோம். பிழைச்சுக்கிட்டார்.

ரத்தம் லேபுக்குப் போனது ஒன்றரை மணிக்கு. வார்டு ஸ்கிரீனில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. காலையில் லேப் டெக்னீஷியன் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு மணி வாக்குல என்ட்ரி போட்டேன் சார். 6.8. சேவ் ஆயிடுச்சுன்னு பச்சையா வந்துச்சு" என்றார். 6.8ஐ போனிலும் சொல்லியிருக்கணும், அது தனிக் கதை. அன்னைக்கு லேபில் அவர் ஒருத்தர்தான், கையில் கிராஸ்மேட்ச் வேற.

சரி, சாப்ட்வேரையே கேட்போம்னு ரிசப்ஷனுக்குப் போனால், ஏற்கெனவே நாலு மணிக்கு "ஹேங் ஆகுது"ன்னு யாரோ அதை மூடித் திறந்துட்டாங்க.

உங்க இடத்திலும் இப்படி இருக்கும், போய்ப் பாருங்க. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒரு கருப்பு விண்டோ, அதில் எழுத்துகள் ஓடிக்கிட்டே இருக்கும். எங்க லேப் சாப்ட்வேர் ஜாவாவில் எழுதினது, ஜெட்டி என்ற வெப் சர்வரில் ஓடுது. ஜெட்டியை அப்படியே நிறுவி ஓட்டினா அது சொல்றதையெல்லாம் கன்சோலில்தான் சொல்லும். அதான் அந்தக் கருப்பு விண்டோ. அதை மூடினா சொன்னதெல்லாம் போச்சு. கேஸ் ஷீட்டே எழுதாம வாயாலேயே டியூட்டி ஒப்படைக்கிற மாதிரி.

சாட்சி இல்லாத இடத்தில் சீனியர் சொல்றதுதானே தீர்ப்பு? "நீ மறந்திருப்பம்மா, ஒத்துக்கோ" என்றேன். நாலு பேர் முன்னாடி. மெமோவும் கொடுத்தேன்.

அந்த வாரமே நண்பர் மகன் ஒருத்தன், பெங்களூரில் ஜாவா எழுதுறவன், வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தான். ஜெட்டியிலேயே கன்சோல்-கேப்ச்சர் என்று ஒரு மாட்யூல் இருக்கு. ஸ்டார்ட்.ஜாரை ஓட்டுற கட்டளையில் அதைச் சேர்த்துட்டா, கருப்பு விண்டோவில் வந்ததெல்லாம் லாக்ஸ் என்ற ஃபோல்டரில் நாளுக்கு ஒரு கோப்பாக விழும். கூடவே ரெக்வெஸ்ட்லாக் என்ற மாட்யூல். எந்த மெஷின், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டுச்சு, சர்வர் என்ன பதில் கொடுத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ரெண்டும் இலவசம், ரெண்டும் ஏற்கெனவே உள்ளேயே இருந்தது. அதுதான் வயித்தெரிச்சல். (உங்களுடையது டாம்கேட் என்றால், லினக்ஸில் கேட்டலினா.அவுட் என்ற கோப்பில் தானாகவே விழும். ஆனால் அது தானாகப் புதுக் கோப்புக்கு மாறாது, வீங்கிக்கிட்டே போகும். டிஸ்க்கை ஒரு கண் பாருங்க.)

இங்கே டாக்டரா ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடிச்சேன். பையன் முதலில் டிபக் அளவில் வச்சான், எல்லாம் தெரியும்னு. தெரிஞ்சது. நோயாளி பேர், வயசு, ரிசல்ட் எல்லாம் யார் வேணும்னாலும் திறக்கக்கூடிய கோப்பில்! உடனே இன்ஃபோவுக்குக் குறைச்சோம். பிழை வந்தால் போதும், பேர் வேண்டாம். அப்புறம் ரெண்டு மாட்யூலும் 90 நாள் வச்சிருந்துட்டு பழைய கோப்பை அழிச்சிடும், அதுதான் அதன் வழக்கம். உள்நோயாளி ரெக்கார்டை மூணு வருஷம் வைக்கணும்னு 2002லேயே மருத்துவக் கவுன்சில் விதி சொல்லுது. லாக் அந்தக் கணக்கில் வராதுதான். ஆனாலும் மாசம் ஒருமுறை வேற டிஸ்க்கில் காப்பி எடுக்கச் சொன்னேன்.

மூணு வாரம் கழிச்சு, புதன்கிழமை விடியற்காலை, அதே கதை. அதே பெண்ணின் டியூட்டி. 2:10க்கு ஹீமோகுளோபின் போட்டேன் என்கிறார், ஸ்கிரீனில் இல்லை. நல்லவேளை, அவசரமில்லாத கேஸ்.

புதன்கிழமை ரெக்வெஸ்ட் லாக்கைத் திறந்து 2:10ஐத் தேடினேன். லேப் மெஷினிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

உண்மையைச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி வந்துச்சு. பார்த்தியா, நான் அன்னைக்குச் சொன்னது சரிதான்னு. இரண்டாவது மெமோவுக்கு வாசகமே மனசில் ஓடிடுச்சு.

அப்புறம்தான் ஒரு வரி உறுத்துச்சு. எங்க புறநோயாளி கூட்டம் காலை பத்து மணிக்குத்தான் அலைமோதும். லாக்கில் அந்த நெரிசல் 4:30க்கு இருக்கு. விடியக்காலை நாலரைக்கு யாருங்க டோக்கன் போட்டது? பையனுக்குப் போன் பண்ணினேன். சிரிச்சான். "அங்கிள், ஜெட்டி ரெக்வெஸ்ட் லாக்ல நாமளா மாத்தாத வரைக்கும் ஜிஎம்டி நேரம். அஞ்சரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க."

நம்ம 2:10 என்றால் அங்கே முந்தின நாள் 20:40. கோப்பும் நம்ம விடியற்காலை 5:30க்குத்தான் மாறுது. அப்போ நான் தேடினது தப்பான நாளின் கோப்பு. செவ்வாய்க்கிழமை கோப்பைத் திறந்தேன். 20:40. லேப் மெஷின். ரிசல்ட் சேவ் பண்ணும் பக்கம். பதில் 500.

500 என்றால் சர்வர் கைவிரிச்சிடுச்சுன்னு அர்த்தம். அதே நேரத்துக்கு இன்னொரு கோப்பில் காரணமும் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடும் பேக்கப், டேட்டாபேஸ் டேபிளைப் பூட்டி வச்சிருக்கு. சேவ் காத்திருந்து காத்திருந்து டைம்-அவுட் ஆகியிருக்கு. சாப்ட்வேர் செஞ்சவங்களோ, சர்வர் பதிலைப் பார்க்காமலேயே பச்சை எழுத்தைக் காட்டும்படி எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு மணிக்கு மேல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் யார் என்ட்ரி போட்டாலும் இதே கதிதான்.

பேக்கப்பை இரவில் ஆள் புழங்காத நேரத்துக்கு மாற்றி, பூட்டாமல் எடுக்கும்படி செஞ்சாச்சு. பச்சை எழுத்துக்கு கம்பெனியிடம் சண்டை போட்டு நாலு மாசம் ஆச்சு. லாக் நேரம் இப்போ ஆசியா/கொல்கத்தா. ஆபத்தான ரிசல்ட்டுக்கு போன் கட்டாயம், யார் எடுத்தாங்கன்னு கையால் எழுதணும்.

அந்த வரியை பிரிண்ட் எடுத்துக்கிட்டு லேபுக்குப் போனேன். கூப்பிட்டு அனுப்பலை, நானே போனேன். முதல் ராத்திரிக்கு லாக் இல்லை, ஆனா நேரமும் நிலைமையும் ஒண்ணுதான், நீங்க சொன்னது சரி, மன்னிச்சிடுங்கம்மா என்றேன். பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், மெமோ ஃபைல்ல இருக்கு. இதையும் அது பக்கத்துல வச்சிடுறீங்களா?"

மெமோவைக் கிழிச்சுப் போட்டுடலாம்மா என்றேன். வேண்டாம் சார், ரெண்டும் இருக்கட்டும் என்றார். இருக்கு.