பயன் சொன்னவர்கள்

பங்குனி முடியும் தறுவாயில் சென் லூயி ஏரியில் பனிக்கட்டி உடைகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதலில் தூரத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்துவது போல ஒன்று. பிறகு நீளமான முனகல். சென் ஜோக்கிம் தேவாலயத்தடியில், அந்தப் பழைய காற்றாலைக்குப் பக்கத்தில் நின்றால் அது உள்ளங்கால் வழியாகவே ஏறும். பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்குப் போகாமல், 211 பஸ்ஸை வேண்டுமென்றே போகவிட்டு அங்கே நின்றிருக்கிறோம். சப்பாத்து ஓரம் முழுக்க வீதி உப்பு வெள்ளையாய்க் காய்ந்திருக்கும். பையில் கசங்கிய நிழற்பிரதிகள், அவற்றின் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல்.

புவாண்ட்-கிளேரில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் அப்போது எத்தனை பேர் இருந்திருப்போம்? பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த என் மச்சாள்மார் எல்லாரும் பிரெஞ்சுப் பள்ளிதான். 1977இல் இங்கே வந்த 101ஆம் மொழிச் சட்டம் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளை அந்தப் பக்கமாகத்தான் அனுப்பும். நான் ஸ்காபரோவில் ஆரம்ப வகுப்புகளை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்தவள். அதனால் ஒரு தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அம்மா அதைப் பிறப்புச் சான்றிதழோடும் தாலிக்கொடியோடும் சேர்த்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்தா. மச்சாள்மார் வந்தால் என்னை 'இங்கிலிஷ்காரி' என்பார்கள். அதில் கேலி பாதி, ஏக்கம் பாதி.

எங்கள் லிண்ட்சே பிளேஸ் பள்ளிக்கூடம் என்று சொன்னால் உங்களில் சிலருக்கு அந்த நடைபாதையின் மணமே வந்துவிடும். ஹீட்டர் மேல் காயப் போட்ட கம்பளிக் கையுறைகள், நனைந்த கோட்டுகள், யாரோ திறந்த தோடம்பழம். 'என்ரிச்ட் இங்கிலிஷ்' வகுப்பின் ஜன்னலடி வாங்குக்கு எப்போதும் போட்டி. எங்கள் ஆங்கில மிஸ் உள்ளே வரும்போது பிரதி எடுத்த தாள்கள் இன்னும் இளஞ்சூடாக இருக்கும். குளிர்காலக் காலைகளில் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்குவோம். ஒரு பக்கம்தான் தருவா, ஒரு மணி நேரத்துக்கு அது போதும். திரும்பத் திரும்ப வருகிற சொல்லுக்கு வட்டம். ஒன்றோடொன்று முட்டுகிற வரிகளுக்கு நடுவே கோடு. புரியாத இடத்தில் கேள்விக்குறி. கேள்விக்குறியே போடாத தாளைத்தான் அவ சந்தேகத்தோடு பார்ப்பா.

நாங்கள் பெரிய பெரிய வார்த்தைகளில் கருத்துச் சொல்வோம். விதி, பேராசை, குற்றவுணர்வு என்று. அவ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றைத்தான் கேட்பா: "எங்கே இருக்கிறது? காட்டு." மக்பெத்தில் டங்கனின் கொலை மேடையில் நடப்பதில்லை. கொலை முடிந்து, கை கழுவுவதற்குள் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. ஏன் கொலையைக் காட்டாமல் தட்டும் சத்தத்தைக் கேட்க வைத்தார் என்று அவ கேட்டபோது, பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருத்தன் பதிலே சொல்லாமல் மேசையின் அடிப்பக்கத்தில் மெதுவாகத் தட்டத் தொடங்கினான். எல்லாரும் சிரித்தோம். அவன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று போனது. மிஸ்ஸும் பேசவில்லை. அன்றைக்கு இதைவிடப் பெரிய விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மிஸ்ஸின் அந்த 'எங்கே இருக்கிறது?' கேள்வியை நான் இன்னொரு வாயிலிருந்தும் கேட்டேன் என்றால் மொன்றியல்காரர் நீங்கள் நம்புவீர்கள். சென் ரெஜி வீதி முருகன் கோயில் எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் போகிற தூரம். ஐப்பசியில் மேப்பிள் இலை கொட்டி, வாத்துக்கூட்டம் தெற்கே கத்திக்கொண்டு போகிற காலத்தில் கந்தசஷ்டி வரும். அங்கே வயதான மாஸ்ரர் ஒருவர் இருந்தார், தீவுப்பகுதி ஆள். ஊரில் புராணபடனத்தில் ஒருவர் கந்தபுராணப் பாட்டை இழுத்துப் படிக்க, இவர் பயன், அதாவது பொருள் விளக்கம், சொன்னவராம். இங்கே படிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. பாட்டையும் தானே படித்து, பயனையும் தானே சொல்லுவார். கேட்பதற்கு நாலைந்து அம்மாமாரும், சூடான மோதகத்துக்காகக் காத்திருந்த நாங்களும்.

மிஸ்ஸின் கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவர் உடனே காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார். குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதல் பாட்டின் தொடக்கத்திலேயே சபையில் ஒருத்தர் மறித்தாராம். சொற்கள் இப்படிப் புணர்வதற்கு இலக்கணத்தில் விதி எங்கே என்று. கடைசியில் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தைத் திறந்து விதியைக் காட்டின பிறகுதான் சபை அடங்கியதாம். சொல்லி முடித்து, "உன்ர ரீச்சரம்மாவும் அந்தச் சபையிலை இருந்திருக்க வேண்டிய ஆள், பிள்ளை" என்று வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தார். பரிமேலழகர் பெயரை முதன்முதலாகக் கேட்டதும் அவரிடம்தான். எந்தச் சொல்லையும் சும்மா விடாத மனிசன் என்றார். பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரர் வித்தை என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்த ஒன்று, கோயில் மண்டபத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தது.

மாஸ்ரர் ஒரு மாசியில் போய்ச் சேர்ந்தார். லிண்ட்சே பிளேஸ் என்ற பெயரில் இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு சென் தோமஸ் பள்ளி குடிவந்துவிட்டது. 2019இல் அடித்த காற்றில் காற்றாலையின் இறக்கை ஒன்று முறிந்தது. ஃபெயர்வியூ கடைத்தொகுதியில் நாங்கள் சூடு காய ஒதுங்கிய சியர்ஸ் 2018இல் மூடியது, ஹட்சன்ஸ் பே 2025இல். நாற்பதாம் நெடுஞ்சாலை ஓரம் இப்போது கொங்கிறீற் தூண்கள். போனால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பஸ் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டு வருகிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைசி வருடம், விருப்பப்பட்ட நாவலை எடுக்கலாம் என்று மிஸ் சொன்னபோது நான் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' எடுத்தேன். 1994இல் வந்த நாவல், ஆறு கதைகளாக. ஐந்து கதைகள் நிதானமாகச் சொல்லப்படுகின்றன. கடைசிப் பகுதி மட்டும் திடீரென்று நாட்குறிப்பாகிவிடும். 1983 ஜூலை, திகதி, நேரம், நாலு வரி, மறுபடியும் நேரம். கதை ஏன் இங்கே உடைகிறது? வட்டம் போட்டேன், கோடு போட்டேன், பிடிபடவில்லை. அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் நின்று அந்தப் பக்கங்களைத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன்.

"நேரமும் போட்டிருக்கோ?" என்று கேட்டா.

"ஓம் அம்மா. காலமை இத்தினை மணி, இப்பிடி."

மா குழைத்த கை நின்றது. "நாங்களும் வெள்ளவத்தையிலை மணிக்கூட்டைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். எத்தினை மணிக்கு ஊரடங்கு, எத்தினை மணிக்குப் பக்கத்து வீடு எரிஞ்சது. கதையாச் சொல்லுறதுக்கு அதிலை என்ன கிடந்தது?"

அதைத்தான் கட்டுரையாக எழுதினேன். அம்மாவின் அந்த வரிக்குப் பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் வழக்கமான கேள்வியைப் போட்டிருந்தா. எங்கே இருக்கிறது? திருத்தி எழுதும்போது நாட்குறிப்பின் திகதிகளையும் நேரங்களையும் வரிசையாக எடுத்துக் காட்டினேன். அதன் கீழே நட்சத்திரக் குறி போட்டு அடிக்குறிப்பும் எழுதினேன்: என் அம்மா, வெள்ளவத்தை, 1983 ஆடி. மிஸ் அதைத் தொடவில்லை. நூற்பட்டியலில் அம்மாவின் முழுப் பெயரையும் சேர்க்கச் சொன்னா.