கருப்பு ஜென்னும் ஒரு இட்லித் தட்டும்!

ஞாயித்துக்கிழமை காலைல வீட்டு வண்டியக் கழுவுற வேலை உங்க தலைலதான் விழுதா? அப்ப இது உங்களுக்குத்தான். கார் இல்லை, பைக்தான்னு சொல்றவங்களும் ஓடிப் போயிடாதீங்க. ஸ்ப்ளெண்டர் டேங்குக்கும் இதே கதைதான்.

முதல்ல நான் பண்ணின கூத்தைச் சொல்லிடறேன்.

அப்பா கணபதியில ஒரு லேத் பட்டறைல வேலை பார்க்கறவர். பம்புக்கு ஷாஃப்ட் கடையற வேலை. இருபது வருஷம் டிவிஎஸ் 50-யிலயே போயிட்டு வந்துட்டு, கடைசியா ஒரு செகண்ட் ஹேண்ட் ஜென் வாங்கினார். கம்பெனி 2006-லயே நிறுத்திட்ட அந்த உருண்டை மாடல். கலர்? கருப்பு! எங்க வீட்டு முதல் கார். அக்கா நிச்சயதார்த்தத்துக்கு பெருந்துறை போகணும். "வண்டிய பளபளன்னு ஆக்கி வெச்சிரு கண்ணு"ன்னார் அப்பா. காலேஜ் செகண்ட் இயர் படிக்கற வீரன் நான் விடுவனா?

மதியம் ஒரு மணி வெயில். சோப்புத்தூள் கரைச்ச ஒரே பக்கெட். பட்டறைல இருந்து அப்பா கொண்டாந்து வெச்சிருந்த பனியன் வேஸ்ட் ஒரு கட்டு. அதுக்கு மேல, கடைல கேட்டு வாங்கின ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டப்பா. தேய்ச்சேன் பாருங்க... கை ரெண்டும் கழண்டு போற மாதிரி தேய்ச்சேன். சாயங்காலம் பார்த்தா வண்டி கண்ணாடி! அப்படித்தான் நெனைச்சேன்.

மண்டப வாசல்ல ஃபோகஸ் லைட் போட்டிருந்தாங்க. அந்த வெளிச்சம் பானட் மேல விழுந்துச்சு. லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமா, சிலந்தி வலை கட்டின மாதிரி கீறல். பானட் முழுக்க. மாமா ஒருத்தர் குனிஞ்சு பார்த்துட்டு, "ஏனுங் மச்சா, வண்டி மேல பூனை கீனை ஏறி வெளையாடிருச்சுங்களா?"ன்னார். நாலு பேர் சிரிச்சாங்க. அப்பா தினமும் ஷாஃப்டை லைட்டுக்கு நேரா புடிச்சு கீறல் பார்க்கறவர். அவர் கண்ணுக்குத் தெரியாம இருக்குமா? அவர் சொன்னது ஒண்ணுதான்: "பையன் தொடச்சு வெச்சானுங்க மாமா."

எனக்குச் சோறே எறங்கல.

அதுக்கப்புறம்தான் எங்க தப்பாச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். டிங்கரிங் பட்டறை அண்ணன் ஒருத்தர்கிட்ட ஒரு மாசம் சாயங்காலம் போய் நின்னேன். மீதிப் பாதியைச் சொல்லிக் கொடுத்தது அப்பாவேதான்.

பனியன் வேஸ்ட்டைக் குறை சொல்லாதீங்க. திருப்பூர் பக்கத்துல இருக்கற நமக்கு அது வரப்பிரசாதம். ஆயில் தொடைக்க, செயின் தொடைக்க, கை தொடைக்க அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா பட்டறைல கெடந்த கட்டுல இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும், தையல் மடிப்பும் இருக்கும். அதைக் கொண்டுபோய் பெயிண்ட்ல தேய்ச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். பெயிண்டுக்கு மைக்ரோஃபைபர் துணிதான் சரி. நல்ல கனமா, முடி நீளமா இருக்கறதா வாங்குங்க. ஓரத்துல தச்சிருக்கற லேபிளை மொதல்ல வெட்டி எறிங்க, அதுவும் கீறும். துவைக்கறப்ப மத்த துணியோட போடாதீங்க. துணிக்கு வாசனைக்கு ஊத்தற கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், தண்ணி உறிஞ்சறதே நின்னு போயிடும். ரொம்ப முக்கியம்: கீழ மண்ணுல விழுந்துச்சா, அன்னைக்கு அந்தத் துணிக்கு லீவு.

அடுத்தது பக்கெட். ஒண்ணு இல்லீங்க, ரெண்டு! ஒண்ணுல கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மொதல்ல ஹோஸ் வெச்சு மண்ணைக் கழுவி விட்டுட்டு, ஷாம்புல முக்கி ஒரு பகுதி தேய்ச்சதும் துணியை வெறும் தண்ணில அலசிட்டு மறுபடி ஷாம்புக்குப் போகணும். அப்பத்தான் மண்ணு திரும்ப வண்டி மேல ஏறாது. பக்கெட் அடில போட 'கிரிட் கார்டு'ன்னு ஒரு ஓட்டைத் தட்டு விக்கறாங்க. மண்ணு அதுக்குக் கீழ போய்ப் படிஞ்சுக்கும், துணி அதைத் தொடாது. அது வாங்கக் காசு இல்லாம நான் கண்டுபுடிச்ச மாற்று வழி: அம்மாவோட பழைய இட்லித் தட்டு. அளவு எடுத்த மாதிரி உக்காந்துச்சு! "இட்லித் தட்டுல கார் கழுவற வீட்ட உலகத்துல எங்கயாச்சும் பாத்திருக்கியாடா?"ன்னு அம்மா ஒரு வாரம் பேசல.

சோப்புத்தூள், பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கறதுக்குன்னே செஞ்சது அது. வண்டி மேல இருக்கற வாக்ஸையும் சேர்த்துக் கொண்டு போயிடும். 3எம், ஃபார்முலா 1, வாக்ஸ்பால்னு எந்தக் கம்பெனியோட கார் ஷாம்பு கிடைச்சாலும் ஓகே. பிராண்டுக்காகச் சண்டை போடறதெல்லாம் வெட்டி வேலை.

தண்ணிக்கு வருவோம். கோயமுத்தூர்க்காரங்ககிட்ட சிறுவாணியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பெருமை நிக்காது. ஆனா வண்டி கழுவறது போர் தண்ணிலதானே? ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்து பார்த்தேன். எங்க போர் தண்ணி 1,300-ஐத் தாண்டுச்சு. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி 100-ஐக் கூடத் தொடல. ஒரு லிட்டர் தண்ணில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு அந்த நம்பர் சொல்லுது. தண்ணி வெயில்ல ஆவியாயிடும், உப்பு மட்டும் வண்டி மேல வெள்ளை வளையமா நின்னுக்கும். அதனால காலைல, நிழல்ல கழுவிட்டு உடனே தொடைச்சிடணும். வளையம் புதுசா இருந்தா, வினிகரை அதே அளவு தண்ணில கலந்து தொட்டுத் தொடைச்சுக் கழுவினா போயிடும். குடிக்கற தண்ணியைக் கார்ல ஊத்தறதுக்கு மனசு வராது, வரவும் கூடாது. ஏசில இருந்து சொட்டுற தண்ணியைப் புடிச்சு வைங்க, அதுல உப்பு ரொம்பக் கம்மி. கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் போதும். ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணியை மட்டும் எடுத்துடாதீங்க, பிரிச்ச உப்பெல்லாம் அதுலதான் இருக்கு!

கணபதி, பீளமேடு பக்கம் வண்டி நிறுத்தறவங்களுக்கு இன்னொரு தொல்லை. ஃபவுண்டரி, கிரைண்டிங் பட்டறைல இருந்து பறக்கற இரும்புத் துகள் பெயிண்ட்ல குத்தி உக்காந்துக்கும். வெள்ளை வண்டில ஆரஞ்சுப் புள்ளியாத் தெரியும். கருப்புல தெரியாது. கழுவின வண்டி மேல, கைல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிட்டுத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருக்க வேண்டியது ரவை மாதிரி சொரசொரன்னுச்சுன்னா அதுதான். இதுக்கு 'அயர்ன் ரிமூவர்'னு ஒரு ஸ்ப்ரே. அடிச்சா இரும்பு இருக்கற இடமெல்லாம் ஊதாக் கலர்ல அழுது வழியும். பார்க்கவே சினிமா மாதிரி இருக்கும் பாஸ்! நாத்தம் மட்டும் அழுகின முட்டை. மிச்சத்துக்கு 'க்ளே பார்'னு களிமண் கட்டி. ஷாம்புத் தண்ணியை நெறைய விட்டு அதை மெதுவா ஓட்டினா, ஒட்டினதெல்லாம் கூடவே வந்துடும்.

இப்ப கீறல். இங்கதான் அப்பா வந்தார். ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொன்னார். கடைஞ்ச ஷாஃப்ட் ஒண்ணை எடுத்து 220 எமரி போட்டார், அப்புறம் 400, அப்புறம் 800. ஒவ்வொண்ணும் அதுக்கு முந்தினது போட்ட கோட்டை அழிச்சுது. "ஷைனிங்னு தனியா ஒண்ணு இல்லடா. கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாப் போச்சுன்னா அதுதான் ஷைனிங். நீ 220-லயே நிறுத்திப் போட்டு வந்துட்ட." அவ்வளவுதான் திட்டு!

நான் வாங்கின ரப்பிங் காம்பவுண்ட் முரட்டு ரகம். அதுக்குப் பின்னாடி ஃபைன் காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ், கடைசில வாக்ஸ்னு போயிருக்கணும். வாக்ஸ் எந்தக் கீறலையும் எடுக்காது, மூடி மட்டும் வைக்கும். கார்னூபான்னு டப்பாவுல போட்டிருக்கே, அது பிரேசில்ல இருக்கற ஒரு பனை மர இலையில படியற மெழுகு. ஆயிரக்கணக்குல வாங்கிட்டுப் போடற செராமிக் கோட்டிங்கும் அப்படித்தான். கீறலை எடுக்காம மேல போட்டா, கீறலைப் பத்திரமா பூட்டி வெச்ச மாதிரி.

தேய்க்க மெஷின் வேணும்னா 'டூயல் ஆக்‌ஷன்' பாலிஷர் கேளுங்க. அது சுத்திக்கிட்டே ஆடும், ஒரே இடத்துல சூடு ஏத்தாது. வெறுமனே சுத்தற ரோட்டரி மெஷின், பழகாத கைல, பானட் விளிம்புல பெயிண்டை உரிச்சுடும். எங்க ஊர் பட்டறைக்காரங்க அளவை 'தௌ'வுலதான் சொல்வாங்க. அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, சுமார் 25 மைக்ரான். கார் மேல இருக்கற க்ளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான்தான். அதாவது ரெண்டு தௌ. ஒரு ஏ4 பேப்பர்ல பாதி கனம்! ஒவ்வொரு பாலிஷும் அதுல கொஞ்சம் தின்னுடும். துணில கார் கலர் ஒட்டுச்சுன்னா மேல க்ளியர் கோட்டே இல்லை, நேரா பெயிண்டைத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். எங்க ஜென்ல கருப்பு ஒட்டுச்சு.

மத்ததைச் சட்டுன்னு சொல்லிடறேன். ஏசி வென்ட் இடுக்குக்குப் பெயிண்ட் அடிக்கற பிரஷ், தகரப் பட்டை மேல டேப் சுத்திட்டு. மஞ்சளான ஹெட்லைட்டை டூத்பேஸ்ட் வெளுக்க வைக்கும், நிஜம்தான். ஆனா மேல இருந்த பாதுகாப்புக் கோட்டிங் போனது போனதுதானே, கொஞ்ச நாள்ல திரும்ப மஞ்சளாயிடும்.

அண்ணன் பட்டறைல இரவல் வாங்கின மெஷினோட, அப்பாவும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க பானட்டை மட்டும் பண்ணினோம். ரெண்டு ரெண்டு அடியாப் பிரிச்சு, ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் அப்பா செல்ஃபோன் டார்ச்சைச் சாய்ச்சுப் புடிச்சுப் பார்ப்பார். சிலந்தி வலை போயிடுச்சு. ஓரத்துல ரெண்டு கோடு மட்டும் போகல. நான் மறுபடி காம்பவுண்டை எடுத்தேன். அப்பா கையைப் புடிச்சார்.

"போதும் கண்ணு. இதுக்கு மேல தேய்ச்சா தகரம் வந்துரும். அது இருந்துட்டுப் போகட்டும்."

இப்பவும் இருக்கு, டிரைவர் பக்கம், வைப்பருக்குக் கொஞ்சம் கீழ. இட்லித் தட்டும் பக்கெட்லதான் இருக்கு. அம்மா புதுசு வாங்கிட்டாங்க.