மஞ்சள் கல்லில் நிறுத்திய மோட்டார்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டாரில் வர முக்கால் மணி நேரம் போதும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப் பாதை இருக்கிறது. கிள்ளானிலேயே தமிழ்ப் பூசை உண்டு. ஆனால் எங்கள் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தவர். அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் இங்கேதான். அந்தப் பழக்கத்தில் நானும் வருகிறேன்.

2024 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஒன்பதரை மணிப் பூசைக்குக் கால் மணி நேரம் லேட். நடைபாதையில் ஏற்கெனவே இரண்டு மோட்டார்கள் நின்றன. இரண்டாவது மோட்டாருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. என் மோட்டாரை அதில் சொருகிவிட்டு ஓடினேன். அடியில் மஞ்சள் கற்கள் இருப்பது தெரியும். எல்லாரும் நிறுத்துகிற இடம்தானே என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் மோட்டார் சாய்ந்து கிடக்கிறது. இடது கண்ணாடி உடைந்து தரையில் சிதறியிருந்தது. கோபம் உச்சிக்கு ஏறியது. பக்கத்துப் பூக்கடை வாசலில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். மடியில் வெள்ளைக் கைத்தடி. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம். பூக்கடை அக்கா டிஷ்யூவால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டார்: "யாரோட மோட்டார்னு தெரியுமா? ஆள் வந்துட்டாங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும். நான் அவருக்கு நேர் எதிரே நின்றேன். அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடம் நான் பேசவில்லை. அவருக்குக் கண் தெரியாது, மற்றவர்களுக்கு என்னைத் தெரியாது. அப்படியே நழுவிப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு போகலாம். சற்று முன்தான் நன்மை வாங்கியிருந்தேன்; வாயில் அந்தச் சுவைகூடப் போகவில்லை.

"என்னோடதுதான் அங்கிள்," என்றேன் கடைசியில்.

"மன்னிச்சிருங்க தம்பி. கண்ணாடி உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. எவ்வளவு ஆகும்?" என்று சட்டைப் பையில் கைவிட்டார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலில் ரத்தத்தோடு என் கண்ணாடிக்குக் காசு எடுக்கிறார். வேண்டாம், தப்பு என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "பசியாறப் போகும்போது கம்பத்துக்கிட்ட சந்து இருந்துச்சு தம்பி. வரும்போது இல்ல. அவ்வளவுதான்."

ஞாயிறுதோறும் ஒன்பதரைக்குப் போய் நண்பர்களோடு பசியாறிவிட்டுப் பத்தரைக்குத் திரும்புவாராம். வேலை செய்வது ஒரு மசாஜ் நிலையத்தில், தங்குவது அதன் மாடியில். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீங்க என்னைப் பிடிக்காதீங்க தம்பி. நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்."

என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்தார். நான் அரை அடி முன்னால் போனேன். நான் திரும்பினால் அவருக்குத் தெரிந்தது, படி இறங்கினால் தெரிந்தது. இழுத்துக்கொண்டு போயிருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. உதவி செய்வதிலும் இப்படி ஒரு முறை இருக்கிறது என்று இருபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

ஐந்து நிமிட நடை. வழியில் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். மஞ்சள் கற்களின் மேல் சாப்பாட்டுக் கடையின் விளம்பரப் பலகை. இரண்டு நாற்காலிகள். வாழைக்கட்டு ஒன்று. பெயர்ந்துபோன நாலு கற்கள். ஓரிடத்தில் அந்த மஞ்சள் கோடு நேராகப் போய்ச் சாக்கடை மூடியில் முடிந்து, மறுபக்கம் ஒரு முழம் தள்ளித் தொடங்கியது. ஒவ்வொரு இடத்திலும் அவர் கால் எனக்கு முன்பே தயங்கியது. எல்லாம் அவருக்கு மனப்பாடம். மனப்பாடத்தில் இல்லாதது என் மோட்டார் மட்டும்தான்.

நான் சிவில் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இந்தக் கற்களைப் பற்றி எனக்குத் தெரியும். 1965இல் ஜப்பானில் செயிச்சி மியாகே என்பவர், கண்பார்வை குறைந்துவந்த நண்பருக்காக யோசித்து உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் நடக்கலாம்; புள்ளிகள் இருந்தால் நில், கவனி. நம் நாட்டில் இதற்கு எம்எஸ் 1184 என்று தர விதி இருக்கிறது. மூன்று திட்ட வரைபடங்களில் இந்த மஞ்சள் கோட்டை நானே போட்டிருக்கிறேன். பாதத்தால் ஒரு முறையாவது அதைத் தொடர்ந்து போனதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கைத்தடிகள் அதிகம் என்பது இங்கு வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். 1951இல் உருவான பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதுதான் காரணம். அதற்கும் முன்பே, 1926இல், மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபையார் செயிண்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கினார்கள். பிறகு பினாங்குக்கு மாறிய அந்த இல்லம் இன்றும் நடக்கிறது. விசுவாசத்தின் பேரில் ஒரு தலைமுறை அப்படி ஒன்றைக் கட்டியது. அதே விசுவாசத்தின் பேரில் அவசரமாகக் கோயிலுக்கு ஓடிய நான் கம்பத்துக்குப் பக்கத்துச் சந்தை அடைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு. அன்றைய நற்செய்தி மாற்கு பத்தாம் அதிகாரத்திலிருந்து: எரிகோ சாலையோரத்தில் உட்கார்ந்து பிச்சையெடுத்த பர்த்திமேயுவின் கதை. சிறு வயதிலிருந்து கேட்டது. பார்வை கிடைத்த அற்புதம் என்றுதான் ஞானோபதேச வகுப்பில் படம் வரைந்தோம். இந்த முறை வேறொன்று காதில் விழுந்தது. அவன் கூப்பிட்டபோது வாயை மூடு என்று அதட்டியது யார்? பரிசேயர் இல்லை, ரோமப் படைவீரர் இல்லை. இயேசுவோடு நடந்துபோய்க்கொண்டிருந்த கூட்டம். அவர் பின்னால் போகிறவர்கள்தான் அவரிடம் வர முயன்றவனுக்குக் குறுக்கே நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது.

இன்னொன்றும் உண்டு. கண் தெரியாதவன் கூப்பிடுகிறான், என்ன வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை. ஆனாலும் இயேசு நின்று கேட்கிறார், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று. கையைப் பிடித்து இழுக்கவில்லை. 'நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்' என்ற அங்கிளின் குரல் அப்போது ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் மசாஜ் நிலையத்துக்குப் போய் அதையே கேட்டேன். "அங்கிள், நான் என்ன செய்யட்டும்?" மருத்துவச் செலவு, புது கைத்தடி, ஏதாவது சொல்வார் என்று பணத்தோடு போயிருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்தக் கம்பத்துக்கிட்ட ஒண்ணும் நிறுத்தாம இருந்தா போதும்."

இது போதுமா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பெரிதாக எதையாவது செய்து கணக்கை முடித்துவிட நினைத்திருக்கிறேன் போல. அவர் கேட்டது முடிகிற காரியம் இல்லை. ஞாயிறுதோறும் செய்ய வேண்டியது.

இப்போது மோட்டாரைத் தள்ளிக் காசு கட்டும் இடத்தில் விட்டுவிட்டு நடந்து வருகிறேன். இளையோர் குழுவில் சொல்லி, பூசை முடிவில் ஓர் அறிவிப்பும் வந்தது. இரண்டு வாரம் நடைபாதை காலியாக இருந்தது. மூன்றாவது வாரம் பழையபடி. ஒருவருடைய மோட்டாரை நகர்த்தப் போய், "உனக்கென்ன வந்துச்சு?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவரும் பூசைக்கு லேட்டாக வந்தவர்தான். என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

போன ஞாயிறு மூன்று மோட்டார்கள் நின்றன. ஒன்றை நகர்த்த முடிந்தது. மற்ற இரண்டும் ஹேண்டில் பூட்டியிருந்தன. மணி ஒன்பது இருபத்தைந்து. அங்கிள் வரும் நேரம். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே வருகைப் பாடல் தொடங்கிவிட்டது. தூரத்தில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. கூப்பிடலாமா, முழங்கையை நீட்டலாமா என்று யோசிப்பதற்குள் சந்து வழியாக அவரே கடந்து போய்விட்டார். நான் நின்றது அவருக்குத் தெரியாது. பிறகு உள்ளே போனேன், கொஞ்சம் லேட்டாகத்தான்.