காற்று குடியிருந்த பெட்டி

ஆக்ரா நகருக்குப் பணிமாறுதல் பெற்று வந்த ஆண்டின் மார்கழித் திங்களில், பள்ளி மாணவர்களுடன் பத்தேப்பூர் சிக்ரிக்குச் சென்றேன். தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் ஒன்பது பேரும் அக்குழுவில் இருந்தனர். ஆக்ராவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அந்நகரம். பேரரசர் அக்பர் 1571-ஆம் ஆண்டு முதல் எழுப்பிய தலைநகரம் அது. 1585-இல் அவர் அந்நகரை விட்டு நீங்கினார். அதன்பின் அரசவை லாகூரில் கூடியது. மக்கள் நடமாடிய மாளிகைகள் ஆளின்றி நின்றன.

மூடுபனி விலகாத காலைப்பொழுதில் செந்நிறக் கற்களாலான முற்றங்களின் வழியே நடந்தோம். அனூப் தலாவ் என்னும் குளக்கரையில் வழிகாட்டி நின்றார். குளத்தின் நடுவே உள்ள மேடையைச் சுட்டி, “தான்சேன் இங்கமர்ந்து பாடினார் என்பது செவிவழிச் செய்தி” என்றார். தமிழ் வகுப்பு மாணவி ஒருத்தி என்னருகே வந்து, “ஐயா, கல்லெல்லாம் அப்படியே இருக்கிறதே, பாட்டு எங்கே போயிற்று?” என்று வினவினாள். எனக்கு விடை தோன்றவில்லை. “பிறகு சொல்கிறேன், அம்மா” என்று கூறி நகர்ந்தேன்.

வீடு திரும்பிய பின்னும் அவ்வினா என்னை விடவில்லை. அந்நகரில் ஒலித்து மறைந்தது பாட்டு மட்டுமன்று. பெரியதோர் இசைக்கருவியும் உண்டு. அதன் பெயர் ஆர்கன். பாரசீக நூல்கள் அதனை ‘அர்கனூன்’ என்று குறிக்கின்றன. ஐரோப்பியத் தேவாலயங்களில் வழிபாட்டின்போது இசைக்கப்படும் குழல்பெட்டி அது. துருத்தி காற்றை அழுத்திப் பெட்டிக்குள் செலுத்தும். வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குரிய குழலின் வாய் திறக்கும். காற்று அதனுள் புகுந்து ஒலியாகும். நெடிய குழல் தாழ்ந்த ஒலியும், குறுகிய குழல் உயர்ந்த ஒலியும் தரும்.

அக்பர் கோவாவுக்குக் கைவினைஞர்களுடன் ஹாஜி ஹபீபுல்லா என்பவரை அனுப்பினார். போர்ச்சுகீசியரின் ஆட்சியில் இருந்த அத்துறைமுக நகரின் அரிய பொருள்களையும் தொழில்களையும் அறிந்துவருமாறு பணித்தார். 1577-ஆம் ஆண்டு திரும்பிய ஹபீபுல்லா கொண்டுவந்த வியப்புகளுள் இந்த ஆர்கனும் ஒன்று. அதனைக் கேட்டவர்களுள் பதாயூனி என்னும் வரலாற்றாசிரியரும் இருந்தார். அவர் அக்பரின் சமயக் கொள்கையை வெறுத்தவர். தம் நூலை மறைவாகவே எழுதியவர். அக்பர் மறைந்த பின்னரே அந்நூல் வெளிப்பட்டது. அத்தகையவரும் ஆர்கனைக் கண்டு மலைத்தார். ஆளுயரப் பெட்டி என்றும், ஐரோப்பியர் ஒருவர் உள்ளே அமர்ந்து நரம்புகளை மீட்டினார் என்றும், வெளியே இருவர் மயிலிறகு போன்ற ஐந்து சிறகுகளில் விரல்வைத்து இயக்கினர் என்றும், பலவகை ஒலிகள் எழுந்தன என்றும் எழுதினார்.

அவர் எழுதியதில் பிழை உண்டு. ஆர்கனுக்கு நரம்பில்லை. மயிற்சிறகு என அவர் கண்டது துருத்தியின் மடிப்புகளே போலும். எனினும், அறியாத ஒன்றைத் தாம் அறிந்த சொற்களால் எழுதிவைக்க அவர் தயங்கவில்லை. அக்பரின் ஓவியர்களும் அக்கருவியை மறக்கவில்லை. 1595-ஐ ஒட்டி உருவான நிஜாமியின் கவிதைச் சுவடி ஒன்றில் ஓர் ஓவியம் உண்டு. அறிஞர் பிளேட்டோ ஆர்கன் வாசிக்க, விலங்குகள் மயங்கிக் கிடக்கின்றன. அச்சுவடி இன்று இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அக்பரின் ஆர்கனோ எங்கும் இல்லை. அதன் குழல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எஞ்சியவை சில வரிகளும் ஓர் ஓவியமுமே.

‘ஆளுயரப் பெட்டி’ என்ற இடத்தைப் படித்தபோது என் உள்ளம் புதுக்கோட்டைச் சீமைக்குச் சென்றது. என் தாத்தா நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே இரு கைகளாலும் வாசிக்கும் கருவி அது. குழல்களுக்கு மாறாக அதனுள் உலோக நாக்குகள் அதிரும். ஊரார் அதனைப் ‘பெட்டி’ என்றே அழைப்பர். திருவிழா நாளில் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணம் விடியும்வரை நடைபெறும். நடிகர் குரல் தளரும்போதெல்லாம் தாத்தாவின் பெட்டி அக்குரலைத் தாங்கிப் பிடிக்கும். மேடையோரம் அமர்ந்து தூங்கி விழுந்த எனக்கு அவ்வொலி தாலாட்டாக இருந்தது.

நான் முதுகலை பயின்ற காலத்தில் யாழின் வகைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7. திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பேன். அதே திண்ணையின் மறுகோடியில் தாத்தா வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். மறைந்துபோன யாழைப் பற்றி நூல்நூலாகத் தேடிய நான், கண்முன் இருந்த மனிதரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த ஊர் மேடைகளில் வாசித்தார், யாரிடம் கற்றார், வள்ளி வரும்போது எந்த இராகத்தைத் தொடுவார் என்பனவற்றை அறிந்தவர் அவர் ஒருவரே. அவரும் போய்விட்டார்.

பெட்டி பரணில் கிடந்தது. பல்லாண்டுகளுக்குப் பின், நான் வெளிமாநிலத்தில் பணியாற்றியபோது வீட்டை விற்றோம். “அண்ணா, தாத்தா பெட்டியை என்ன செய்வது?” என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். “கறையான் அரித்ததுதானே, எடைக்குப் போட்டுவிடு” என்றேன். விடைத்தாள் திருத்தும் அவசரம் எனக்கு. மறுமொழி சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பதாயூனி தமக்குப் பிடிக்காத அரசரின் அவையில் ஒலித்த கருவியைப் பற்றியும் எழுதினார். நான் எனக்குப் பிடித்த தாத்தாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அம்மாணவியின் வினாவுக்கு அன்றிரவு விடை கிடைத்தது. கேட்டவர் எழுதாமல் விட்ட இடத்தில்தான் பாட்டு போயிற்று.

மறுவாரம் வகுப்பில் பாடநூலைத் திறக்கவில்லை. “உங்கள் வீட்டில் நீங்கள் கேட்ட ஓர் ஒலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், அது இனி வேறெங்கும் கேட்காது என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள்” என்றேன். மாணவர்கள் எழுதத் தொடங்கினர். நானும் அவர்களோடு அமர்ந்து தாத்தாவின் பெட்டியைப் பற்றி எழுதினேன். நினைவில் நின்றது முக்கால் பக்கமே.

குளக்கரையில் வினவிய மாணவியின் தந்தை விமானப் படையில் பணியாற்றுபவர். அவள் தமிழ்நாட்டில் விடுமுறை நாள்களில் மட்டுமே வாழ்ந்தவள். அந்திப் பொழுதில் அவளுடைய ஆச்சி கோழிகளைக் கூட்டுக்கு அழைக்கும் குரலைப் பற்றி எழுதியிருந்தாள். “பா... பா... பா...” என்று எழுதி அடித்து, மீண்டும் எழுதி அடித்திருந்தாள். “எழுத்தில் சரியாக வரவில்லை, ஐயா. ஆச்சியிடம் தொலைபேசியில் இரண்டுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன், அப்போதும் வரவில்லை” என்றாள்.

“வராது, அம்மா. வந்தமட்டும் போதும்” என்றேன்.

அவள் கட்டுரையில் ஒற்றுப்பிழைகள் பல இருந்தன. அன்று மட்டும் நான் சிவப்பு மைப் பேனாவைத் திறக்கவில்லை.

பயிற்சி

1. ஆர்கனில் ஒலி எழும் முறையை உங்கள் சொற்களில் எழுதுக.
2. பதாயூனியின் குறிப்பில் பிழை இருந்தும் ஆசிரியர் அதனைப் போற்றுவது ஏன்?
3. உங்கள் இல்லத்து முதியவர் ஒருவரிடம் அவர் இளமையில் கேட்ட ஓர் ஒலியைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.