பெல்ட்டின் லேபிள்

காலபோக வெட்டு நேரம் மழை பிந்திப் பெய்தால் வன்னியில் வயல்கரைப் பாதையெல்லாம் ஒரே கதைதான். நெல் மூட்டை ஏற்றின லொறி சேற்றில் தாண்டு நிற்கும். உழவு மெசின் வரும், சங்கிலி வரும், பார்க்க முழு ஊரும் வரும். சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில்.

எனக்கு லொறியைவிட அந்த முன்வரிசைதான் பயம். விறைச்சு நிற்கிற இரும்புக் கேபிள் அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும். பெல்ட் எண்டாலும் நுனியில் இரும்புக் கொக்கி இருந்து கழன்றால் அது பறக்கும். ஆளைக் கொல்ல அந்த ஒரு கொக்கி காணும்.

மாமா சங்கிலியை விட்டிட்டு பெல்ட் வாங்கப் போறன் எண்டு வெளிக்கிட்டார். நானும் ஏறிப் போனன். (ஆர்ட்ஸ் படிக்கிறவளுக்கு ஹாட்வெயார் கடையில என்ன வேலை எண்டு தம்பி கேட்டவன். லேபிள் வாசிக்கத் தெரியும், அதுதான் வேலை.) கடைக்காரர் ரெண்டு பெல்ட்டை எடுத்துப் போட்டார். மாமா தடிப்பைத் தடவிப் பார்த்தார். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பினம். ஆனா தடிப்பில ஒண்டும் தெரியாது.

முதல் கேள்வி நூல் எது எண்டது. நைலோன் இழுபடும், நீளத்தில் கால்வாசி அளவுக்குக்கூட. மெசின் மெல்ல ஓடி வந்து இழுக்க, பெல்ட் நீண்டு, பிறகு சுருங்கிற வேகத்தில் லொறியைக் கிளப்பிவிடும். பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது. றோட்டில கட்டி இழுக்க, ஆறுதலாய் ஒரே சீராய் இழுக்க அது நல்லம். அதைக் கட்டிக்கொண்டு வெட்டி இழுத்தால் உதறல் முழுக்க லொறியின் கொளுக்கியில் விழும். நைலோனுக்கும் ஒரு குறை இருக்கு: நனைஞ்சால் பலம் கொஞ்சம் குறையும்.

அடுத்தது தொன் கணக்கு. கடையில் இருந்த ஒரு பெல்ட் பாரம் தூக்கிறது. அதுக்கு நிறமே கணக்குச் சொல்லும்: ஊதா 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3, சிவப்பு 5. ஆனால் அது பாதுகாப்பாய்த் தூக்கிற அளவு, அறுகிற அளவு அதைவிட 7 மடங்கு. வண்டி இழுக்கிற பெல்ட்டில அநேகமாய் அறுகிற அளவைத்தான் போடுவினம். ஒரே '10 தொன்' ரெண்டு லேபிளில் ரெண்டு கதை. கடைக்காரர் ரெண்டையும் பக்கத்தில வைச்சு விலை ஒப்பிட்டார். எனக்குக் கோவம் வந்தது.

மாமாவின் லொறி நெல்லோடு 8 தொன். அறுகிற அளவு அதைப்போல ரெண்டு, மூண்டு மடங்கு வேணும், அதாவது 16 முதல் 24 தொன். சில்லு மட்டத்துக்குத் தாண்டால் இழுக்கிறதுக்கு லொறியின்ர நிறையளவு விசை வேணும். மட்காட் வரை போனால் ரெண்டு மடங்கு. அதனால முதல்ல மூட்டையை இறக்கி, சில்லுக்கு முன்னால சேற்றை வெட்டி விடுறது பெரிய பெல்ட்டைவிட மலிவு.

கடைசியில் கொக்கி இல்லாத, ரெண்டு நுனியும் மடிச்சுத் தைச்ச 24 தொன் நைலோன் பெல்ட்தான் வாங்கினம். மாமா விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இழுக்கேக்க நடுவில ஈரச் சாக்கு ஒண்டைப் போடோணும், பெல்ட் நீளத்தைப்போல ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஒருத்தரும் நிற்கக்கூடாது எண்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தன். அவர் கேட்டாரோ தெரியாது, ஆனா அடுத்த தரம் லொறி தாண்டபோது பிள்ளைகளை வேலிக்கு அங்கால கலைச்சது அவர்தான்.

சேறு காய்ஞ்சால் மண் இழைக்குள்ள இருந்து அறுக்கும், அதனால கழுவி நிழலில காயப்போட வேணும். மாமி உடுப்புக் கொடியில் அதுக்கும் ஒரு இடம் விட்டிருக்கிறா.